சுண்ணாம்புத் தண்ணி வைத்தவள்

கோழி வளர்த்தாளே தவிர, அவள் கோழியைக் கொஞ்சி நான் பார்த்ததில்லை. மடியில் தூக்கி வைத்துக்கொள்வது, செல்லப் பேர் வைத்துக் கூப்பிடுவது, அதெல்லாம் அவளிடம் கிடையாது. கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து பார்ப்பாள். அவ்வளவுதான். காலையில் கொஞ்ச நேரம், மத்தியானம் வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு கொஞ்ச நேரம், சாயங்காலம் வெளிச்சம் போகிற வரைக்கும். சோம்பேறித்தனம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். கோழி மேய்வதில் பார்க்க என்ன இருக்கிறது? கொத்தும், கிளறும், எச்சம் போடும். இதை அவளிடமே சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அந்த ஓரத்துல நிக்குது பாரு, அது நேத்து எட்டு வாட்டி தண்ணிக்குப் போச்சு. இன்னிக்கு மூணு வாட்டிதான் போயிருக்குது," என்றாள். மறுநாள் நான் போனபோது அந்தக் கோழி தனியாக ஒரு கூடைக்குள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு கிடந்தது. அதற்கு உடம்பு சரியில்லை என்று கோழிக்குத் தெரியும் முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாலு நாளில் அது தேறி மற்றதோடு சேர்ந்துகொண்டது.

முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குக் கோழி வளர்க்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதுதான் என் உத்தியோகம். அதில் எனக்குத் தெரிந்த விஷயத்தில் முக்கால்வாசி அவளுடையது. அவளிடம் கற்றுக்கொண்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அது நிஜமில்லை. திருடினேன் என்பதுதான் சரி. அவள் பேரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பேரைச் சொல்ல வேண்டிய இடம் ஒன்று வந்தது, அங்கே நான் சொல்லவில்லை. இப்போது கிழவியாகி எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

செஞ்சிக் கடைத்தெருவில் அவள் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மளிகைக் கடை. முன்னால் கடை, கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் தோட்டம். தோட்டம் என்றதும் பூச்செடியெல்லாம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கிணறு, ஒரு முருங்கை மரம், துணி துவைக்கிற கல், ஓரமாக ஒரு கொட்டகை. அந்தக் கொட்டகையில் எட்டுப் பத்துப் பெண்கள் உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைப்பார்கள். என் அம்மாவும் அதில் ஒருத்தி. சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் சுவர், சுவர் மேல் கண்ணாடிச் சில்லு. அந்த வீட்டுக்கு வாசல் இரண்டு. முன்வாசல் கடை வழியாக. பின்வாசல் சந்துப் பக்கம், எங்களைப் போலக் கூலிக்கு வருகிறவர்களுக்கு.

எட்டாம் வகுப்பு வரைக்கும் அவளும் நானும் ஒரே பெஞ்சு. அவள் ஒன்றும் பெரிய படிப்பாளி இல்லை. கணக்கில் என்னைவிட மக்கு. எட்டாவது முழுப் பரிட்சை முடிந்ததும் பெரியவளானாள், அதோடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்கு மேல் நைனா போட்ட சட்டம் ரொம்ப எளிது. கடை திறந்திருக்கிற நேரத்தில் வயசுக்கு வந்த பெண் கடையைத் தாண்டக் கூடாது, ஆம்பளைகள் நிற்பார்கள். பின்வாசலைத் தாண்டவே கூடாது, முதலாளி வீட்டுப் பெண் கூலிக்காரர் வாசலில் இறங்கினால் ஊர் சிரிக்கும். கடையோ விடிந்தால் திறந்து ஊர் அடங்கினால் சாத்துகிற கடை. வாரத்தில் ஒரு நாள் லீவு, அன்றைக்கு மட்டும் அத்தையோடு கோயிலுக்குப் போய் வருவாள். அமாவாசை வந்தால் இன்னும் மோசம். மேல்மலையனூருக்குப் போகிற கூட்டம் பஸ்ஸை விட்டு இறங்கிக் கற்பூரத்துக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் கடையில் மொய்க்கும். அன்றைக்கு அவள் நடு அறைக்குக்கூட வரக் கூடாது. இரண்டு வாசல் வைத்த வீட்டில் அவளுக்கு ஒரு வாசலும் இல்லை.

இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ராஜகிரி மலைமேல் ஏறி இறங்கித்தான் கால் வளர்ந்தவர்கள். அவளுக்குத் தோட்டத்திலிருந்து மலையின் உச்சி மட்டும் தெரியும், முருங்கைக் கிளைக்கு மேலே ஒரு சாண் அளவுக்கு. அதில் ஆள் தெரிகிறதா என்று என்னைக் கேட்பாள். எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். இன்றைக்கு நாலு பேர் ஏறியிருக்கிறார்கள், ஒருத்தர் குடை வைத்திருக்கிறார் என்பாள். சும்மா அளக்கிறாள் என்று அப்போது நினைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் வாடி போடி. தோட்டத்தில் பத்துப் பேர் முன்னால் நான் அவளைச் 'சின்னம்மா' என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். காதே கேட்காத மாதிரி நிற்பாள். யாரும் இல்லாதபோது 'ஏன்டி' என்றால்தான் திரும்புவாள். இதனால் நான் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை. அவளுக்கு என்ன, அவள் முதலாளி மகள். திட்டு எனக்குத்தானே?

கோழி வந்தது இப்படி. அறுபதுகளின் நடுவில், வல்லத்து வட்டார ஆபீசிலிருந்து பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு வெள்ளைக் கோழிக்குஞ்சு கொடுத்தார்கள். ஐந்து பேருக்கு ஆளுக்குப் பத்து. நான் அதில் ஒருத்தி. ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் பஞ்சு மாதிரி குஞ்சுகள். எங்கள் வீடு ஓலை வீடு, அது ஐப்பசி. விடிவதற்குள் மூன்று விறைத்துவிட்டது. பாக்கி ஏழையும் தூக்கிக்கொண்டு அழுதபடியே அம்மாவோடு கொட்டகைக்குப் போனேன். தலைமையாசிரியை கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குப் பயம். அவள் வந்து பெட்டியை எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "இங்கயே வுட்டுட்டுப் போ," என்றாள்.

அந்த வீட்டில் சாவிக்கொத்து அவளுடைய அத்தை இடுப்பில். நைனாவின் அக்கா, புருஷன் இல்லாதவர். முதலில் முகத்தைச் சுளித்தார். ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாத பெண் அன்றைக்கு இரண்டு வாட்டி சோறு கேட்டு வாங்கித் தின்றாள். அதைப் பார்த்ததும் அத்தை வாயை மூடிக்கொண்டார். குஞ்சு கூலிக்காரி மகளுடையது, இடம் மட்டும்தான் நம்முடையது என்று நைனாவிடம் சொல்லிச் சமாளித்தார்.

குஞ்சுக்குச் சூடு வேண்டும். அரிக்கேன் விளக்கை ஏற்றி நடுவில் வைத்து மேலே பெரிய கூடையைக் கவிழ்க்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும், பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். எவ்வளவு சூடு என்று யாரும் சொல்லவில்லை. அவள் பார்த்தே கண்டுபிடித்தாள். குஞ்செல்லாம் விளக்கை ஒட்டி ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது. கூடை ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்தால் புழுங்குகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பரவித் தூங்கினால் சரி. திரியை ஏற்றுவாள், இறக்குவாள், மறுபடி பார்ப்பாள். பின்னால் பயிற்சியில் இதையே ஒரு வாத்தியார் படம் போட்டு நடத்தினார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை.

உள்வேலை அவளுடையது, வெளிவேலை என்னுடையது. குஞ்சுக்குக் கறையான் நல்ல தீனி. பழைய பானையில் சாணியும் வைக்கோலும் அடைத்து ஏரிக்கரையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் பானை பூரா கறையான் ஏறியிருக்கும். அதை நான் தூக்கி வருவேன். அகத்திக் கீரை, கிளிஞ்சல், எல்லாம் நான்தான். அவள் குஞ்சுகளுக்குப் போட்டுவிட்டு என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்பாள். எந்தக் கரையில் வைத்தாய்? ஏரியில் தண்ணி எதுவரைக்கும் நிற்கிறது? ஆஸ்பத்திரி எதிரில் இருக்கிற வேம்பு பூத்துவிட்டதா? எனக்குப் பாதிக்குப் பதில் தெரியாது. தினமும் அந்த வழியாகப் போய் வருகிறவள் நான், எனக்குத் தெரியாது. "நீ இன்னாதான்டி பாத்துக்கினு வர?" என்று கேட்பாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

வெள்ளைக் கோழி நன்றாகப் பறக்கும். ஒரு நாள் ஒன்று சுவர் மேல் ஏறிக் கண்ணாடிச் சில்லில் காலைக் கிழித்துக்கொண்டது. அவளே கத்தரிக்கோல் எடுத்து ஏழுக்கும் ஒரு பக்கத்து இறக்கையை மட்டும் வெட்டினாள். இரண்டு பக்கமும் வெட்டினால் பழகிக்கொண்டு பறந்துவிடும், ஒரு பக்கம் வெட்டினால்தான் சாயும் என்றாள். கதை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் பெரிதாக ஏதாவது சொல்வார்கள். அவளோ வெட்டின இறகையெல்லாம் பொறுக்கி அடுப்பில் போட்டுவிட்டுக் கை கழுவினாள்.

பங்குனியில் ஊருக்குள் வெள்ளைக் கழிச்சல் வந்தது. கோழிகளுக்கு வருகிற கொள்ளைநோய் அது. காலையில் மேய்ந்த கோழி சாயங்காலம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு சுற்றும், மறுநாள் இருக்காது. எங்கள் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை. அவள் இரண்டு நாள் கிணற்றடியில் உட்கார்ந்து யோசித்தாள். மூன்றாம் நாள் காலையில் பின்வாசல் படிக்கு உள்ளே, வருகிறவர்கள் தாண்ட முடியாதபடி, ஒரு அகலமான தகரத் தட்டில் சுண்ணாம்புத் தண்ணி கலக்கி வைத்தாள். காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

கொட்டகைப் பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். என்ன நினைத்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். தட்டு யார் வாசலில் வைத்திருக்கிறது? முன்வாசலில் வருகிற யாருக்காவது தட்டு உண்டா? என் அம்மா எதற்கும் வாய் திறக்காதவள். அன்றைக்குத் திறந்தாள்.

"நாலு வருஷமா இதே வாசல்ல வரேன் சின்னம்மா. என் காலு இன்னிக்குத்தான் அழுக்காச்சா?"

அவள் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பேசத் தெரியாது, பார்க்கத்தான் தெரியும். "கோழிக்காகத்தான்," என்றாள். அதைவிட மோசமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. கோழிக்கே ஆகாத காலாகிவிட்டதா எங்களுடையது என்று ஒருத்தி கேட்டாள். பிறகு ஒவ்வொருத்தராகக் காலை நனைத்துவிட்டு உள்ளே போனார்கள். வேலை வேண்டுமே. அன்றைக்குக் கொட்டகையில் மல்லாட்டை ஓடு உடைகிற சத்தம்தான் கேட்டது.

நான் அவளைத் தனியாகப் பிடித்துச் சண்டை போட்டேன். நன்றாகவே போட்டேன். அவள் சொன்னது இதுதான்: அவர்கள் எல்லார் வீட்டிலும் கோழி செத்துக்கொண்டிருக்கிறது, செத்த இடத்தை மிதித்த காலோடுதான் வருகிறார்கள், வேறு வழியாக நோய் உள்ளே வர முடியாது. அப்படியானால் அதை அவர்களிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். சொல்ல வரவில்லை என்றாள். அவளும் தினமும் காலையில் அந்தத் தட்டில் காலை நனைத்தாள். எங்கேயும் போகாத காலுக்கு என்னத்துக்கு என்று கேட்டேன். அவர்கள் மட்டும் நனைத்தால் தப்பாகத் தெரியும் என்றாள். அவள் நனைத்ததை அவர்கள் யாரும் பார்க்கவில்லை. விடிவதற்கு முன்னால் நனைத்தால் யார் பார்ப்பார்கள்? அவ்வளவு கண் இருந்தவளுக்கு அந்த ஒன்று தெரியாமல் போயிற்று. எனக்கு அவள் சொன்ன காரணம் புரிந்தது. ஆனாலும் தட்டில் கால் வைத்தபோது அம்மாவின் முகம் இருந்த விதம் எனக்கு மறக்கவில்லை. இரண்டும் சேர்ந்தே எனக்குள் கிடந்தது.

மற்ற நாலு பெண்களின் கோழியும் போயிற்று. எங்கள் ஏழும் நின்றது. வைகாசியில் முட்டை வைக்கத் தொடங்கிற்று.

அப்போதுதான் வல்லத்திலிருந்து சேவிகா அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வட்டார ஆபீசில் பெண்களுக்கான வேலையைப் பார்க்கிறவர் அவர், கையில் தோல் பை, காலில் செருப்பு. அரசாங்கக் கோழிப்பண்ணையில் ஆறு மாசம் பயிற்சி, விடுதியில் தங்கிக்கொள்ளலாம், முடித்தால் வேலை, செஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பெண்ணை எடுப்போம் என்றார். எட்டாவது படித்திருந்தால் போதும், கோழி தெரிந்திருக்க வேண்டும். ஏழு கோழியைக் காப்பாற்றினவள் யாரோ அவளை நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அப்போது என் மனசில் கள்ளம் இல்லை, சத்தியமாக இல்லை. அவள் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்.

"அந்த விடுதியில காலையில கதவ யாரு தொறப்பாங்க?"

எனக்கு எப்படித் தெரியும்? யார் முதலில் எழுந்திருக்கிறார்களோ அவர்கள் திறப்பார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அன்றைக்கே திட்டம் போட்டோம். அவள் நைனா யார் சொன்னாலும் கேட்க மாட்டார், ஆனால் ஜீப்பில் வருகிற ஆபீசர் பேச்சைத் தட்ட மாட்டார். அவளாகப் போய்க் கேட்க முடியாது. நான்தான் சொல்ல வேண்டும். 'இந்தக் கோழியெல்லாம் வளர்த்தது நான் இல்லைங்க, இந்த வீட்டுப் பொண்ணு' என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் அவள் பார்த்துக்கொள்வாள். சொல்கிறேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

அந்த வாரமே எங்கள் வீட்டுக்கு அனந்தபுரத்திலிருந்து மாமன் வந்தார், என் அம்மாவின் தம்பி. எனக்கும் அவருக்கும் பதினெட்டு வயசு வித்தியாசம். மூத்த சம்சாரம் செத்துப்போய் இரண்டு பிள்ளைகள். பத்தாவது முடிக்க வேண்டாம், ஆடியில் நாற்று நடப்போகிறோம், அதற்கு முன்னால் தாலி கட்டி அழைத்துக்கொண்டு போகிறேன் என்றார். அம்மா தலையை ஆட்டினாள். நான் அன்றைக்கு ஏரிக்கரையில் போய்க் கறையான் பானை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அவளுக்காவது வேளா வேளைக்குச் சோறு வருகிறது, எனக்கு என்ன வரும் என்று யோசித்தேன். இப்படி யோசித்தேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அவள் பின்னால் என்ன ஆனாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது. நாலு வருஷம் கழித்துத் திண்டிவனம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அதுவும் மளிகைக் கடை, கடைக்குப் பின்னால் வீடு. கவிச்சி ஆகாத குடும்பமாம், கோழி வாசல் மிதிக்கக் கூடாதாம். உத்தியோகமாக அந்த ஊருக்குப் போனபோது ஒரு நாள் அந்தக் கடையில் நின்று வெல்லம் வாங்கினேன். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கல்லாவில் இருந்தவரைக் கேட்டேன். "உள்ள இருக்குது," என்றார். கூப்பிடட்டுமா என்று அவரும் கேட்கவில்லை, கூப்பிடுங்கள் என்று நானும் சொல்லவில்லை. வெல்லத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். இப்போது அவள் இல்லை.

சேவிகா அம்மா வந்த அன்றைக்கு, ஜீப் கடை வாசலில் நின்றது. கூட ஒரு ஆண் ஆபீசரும் டிரைவரும். அவர்கள் கடை வழியாக உள்ளே வந்தார்கள். நான் பின்வாசல் வழியாக வந்து, தட்டில் காலை நனைத்துவிட்டுக் கூண்டுப் பக்கம் நின்றேன். அவளும் தலை வாரிப் பூ வைத்துக் கிணற்றடியில் தயாராக நின்றாள். வேற்று ஆம்பளை குரல் கேட்டதும் அத்தை வந்து அவள் தோளைப் பிடித்துப் பக்கத்து அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். நாங்கள் போட்ட திட்டத்தில் இது இல்லை. சேவிகா அம்மா மட்டும் வருவார் என்று நினைத்திருந்தோம். போகும்போது அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

நைனாவும் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "இந்தப் பொண்ணோடதுங்க கோழி. எடம் மட்டும்தான் நம்மளுது," என்று அவரே சொன்னார். சேவிகா அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, நோட்டைத் திறந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார். குஞ்சுக்குச் சூடு எப்படிப் பார்த்தாய்? சொன்னேன். என்ன தீனி? சொன்னேன். இறக்கை ஏன் ஒரு பக்கம் மட்டும் வெட்டியிருக்கிறது? அதையும் சொன்னேன். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு, இதோ இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த கேள்விக்குப் பிறகு சொல்லலாம் என்று தள்ளினேன். அதுவரைக்கும் என்னிடம் யாரும் இத்தனை கேள்வி கேட்டு இத்தனை கவனமாகப் பதிலைக் கேட்டதில்லை.

கழிச்சல் வந்தபோது என்ன செய்தாய் என்று கேட்டார். சுண்ணாம்புத் தட்டைக் காட்டினேன். ஆண் ஆபீசர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். "கால் வழியா வர்றத தடுத்துட்ட. கால் இல்லாம வேற எது வழியா வரும்?" என்று சேவிகா அம்மா கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அவள் அதை என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கோழியைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன். அப்போது சாத்தின கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"காக்கா வழியா வரும். செத்த கோழியோட கொடலத் தூக்கிக்கினு வந்து செவுத்து மேல வெச்சுத் தின்னும், கீழ சிந்தும். அதனாலதான் தீனித் தொட்டி மேல வலைத்துணி கட்டனேன்."

சேவிகா அம்மா நிமிர்ந்து தொட்டியைப் பார்த்தார். துணி கட்டியிருந்தது. அதுநாள் வரைக்கும் நான் அதை வெயிலுக்கு என்று நினைத்திருந்தேன். யார் பேசுகிறது என்று கேட்டார். வீட்டுப் பொண்ணு, சும்மாதான் இருக்குது என்றார் அத்தை. நைனா கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சேவிகா அம்மா என் பக்கம் திரும்பி, என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு எப்படிம்மா தெரியும்?"

இதைவிட நன்றாக யாரும் எனக்கு வாசலைத் திறந்துவிட முடியாது. ஒரே ஒரு வார்த்தை. அந்த நேரத்தில் மாமன் முகம் ஞாபகம் வந்ததா, அம்மா தட்டில் கால் வைத்தது ஞாபகம் வந்ததா என்று எத்தனையோ தடவை எனக்கு நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வாய் பாட்டுக்குச் சொல்லிற்று.

"நான்தாங்க சொல்லிக் குடுத்தேன்."

சேவிகா அம்மா நோட்டில் ஏதோ எழுதினார். என் தலையைத் தடவிவிட்டு, எல்லாரும் வந்த வழியே கடைக்குள் நுழைந்து போனார்கள். ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. அறைக் கதவை அவர்கள் திறப்பதற்குள் நான் பின்வாசல் வழியாக ஓடிவிட்டேன்.

பத்து நாளில், பயிற்சிக்கு என்னை எடுத்திருக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் வந்தது. கோழியைப் பண்ணைக்குக் கொண்டுவர வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அவள் வீட்டுக்குப் போகாமல் முடியாது. மத்தியானத்தில், எல்லாரும் படுத்திருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். அவள் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு போனேன். அவள் ஏழு கோழியையும் கால் கட்டி, இரண்டு கூடையில் காற்றுப் போகிற மாதிரி அடுக்கிப் பின்வாசல் படிக்கு உள்ளே வைத்திருந்தாள். எந்தக் கோழி எப்போது தண்ணி குடிக்கும், எது எதைக் கொத்தும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். சொல்லி முடித்தாள். பிறகு, யாராவது வருகிறார்களா என்று வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு, என் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள்.

"நான் காக்கா பத்திச் சொன்னேனே. கதவு சாத்தியிருந்துச்சு, அவங்க மொகம் எனக்குத் தெரியல. அது சரின்னாங்களாடி அவங்க?"

"சரின்னாங்க," என்றேன்.

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எனக்குத் தெரியும்," என்றாள்.